போலீஸ் கதவைத் தட்டினா நம்ம பசங்க உறைஞ்சு நிக்கிறாங்க. கேம்பஸ் போலீஸ் மீட்டிங்கை எப்படித்தான் உருப்படியா நடத்துறது?

ஈரோட்டான்_மிட்வெஸ்ட்:

எல்லாருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவுல மிட்வெஸ்ட் பக்கம் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில பிஎச்டி 4வது வருஷம், இந்த வருஷம் எங்க இந்திய மாணவர் சங்கத்துல பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு. தமிழ்ப் பசங்க மட்டும் ஒரு 60 பேர் இருப்போம். ஒரு விஷயத்துல அனுபவம் உள்ளவங்க கிட்ட யோசனை கேக்கணும், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒரு ராத்திரி 1:40 மணி இருக்கும், எங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு ஜூனியர் பையன் "அண்ணா போலீஸ் வந்து கதவைத் தட்டுது என்ன பண்றது"ன்னு மெசேஜ் போட்டான். எங்க அபார்ட்மென்ட்ல இருந்து 2 பில்டிங் தள்ளி தான், செருப்பை மாட்டிக்கிட்டு ஓடினேன். வெளில ரெண்டு ஆபீசர், ஒரு பெரியம்மா வயசு லேடி, இன்னொருத்தர் இளைஞர். விஷயம் என்னன்னா அந்த வீட்ல தங்கியிருக்குற 3 பேர்ல ஒருத்தன் ரெண்டு நாளா வீட்டுக்குப் போன் பண்ணல, நாமக்கல்ல அம்மா அழுது நியூஜெர்சில இருக்குற மாமாவுக்குச் சொல்லி, அவர் கேம்பஸ் போலீஸுக்கு அடிச்சு "பையன் நல்லா இருக்கானான்னு கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டிருக்கார். வெல்ஃபேர் செக், அவ்ளோ தான். அந்த லேடி கதவுக்கு வெளில நின்னு திரும்பத் திரும்ப அதையே தான் சொல்லிட்டு இருந்தாங்க.

ஆனா உள்ள ரெண்டு பசங்களும் லைட்டை ஆஃப் பண்ணிட்டு ஹால்ல அசையாம நின்னிருக்காங்க. ஒருத்தன் பீரோல ஐ20ங்கற மாணவர் விசாப் பேப்பரைத் தேடிட்டு இருந்தான், இன்னொருத்தன் குக்கர்ல கொதிக்கிற சாம்பாரைக் கூட ஆஃப் பண்ண பயந்துட்டு நின்னான், விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் தூக்கிவாரிப் போட்டுட்டாங்களாம். 12 நிமிஷம் ஆச்சு கதவு திறக்க, அதுவும் நான் போய் தமிழ்ல கூப்பிட்டப்புறம் தான். காணாம போனவன் லேப்ல போன் உடைஞ்சு போய் அங்கேயே தூங்கிட்டு இருந்தான், அவனுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, நிஜமாவே அவன் உள்ள ரூம்ல மயங்கிக் கிடந்திருந்தா அந்த 12 நிமிஷம் என்ன ஆயிருக்கும்னு தான் திரும்பத் திரும்ப ஓடுச்சு.

இப்போ போலீஸ் சீஃப் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு, வெளிநாட்டு மாணவர்களோட ஒரு சந்திப்பு நடத்தணும், அதோட என்னை ஆலோசனைக் குழுவுல உக்காரச் சொல்லியும் கேக்குறாங்க. போன செமஸ்டர்லயும் இப்படி ஒண்ணு நடந்துச்சு. மாணவர் யூனியன் ஹால்ல பீட்சா, 2 ஆபீசர், 40 ஸ்லைடு. வந்தது 6 பேர், அதுல 3 பேர் நாங்க கமிட்டிக்காரங்க. அந்த ஆபீசர் நல்ல மனுஷன், சைக்கிள் பூட்டு எப்படி வாங்கணும்னு ரொம்ப அக்கறையா சொன்னார், கடைசில "ஏதாவது கேள்வி இருக்கா"ன்னார், ஒருத்தரும் வாய் திறக்கல. வெளில பார்க்கிங்ல வந்ததும் எல்லாக் கேள்வியும் தமிழ்லயும் தெலுங்குலயும் கொட்டுச்சு, ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினா விசா போயிடுமா, ரூம்மேட் சண்டைல போலீஸைக் கூப்பிட்டா நம்ம பேரும் ரெக்கார்டுல ஏறுமா, இவங்க இமிக்ரேஷனுக்குச் சொல்லுவாங்களான்னு. இதுல ஒண்ணு கூட அந்த ஸ்லைடுல இல்ல.

சீனா, பங்களாதேஷ், நைஜீரியா, எத்தியோப்பியா சங்கத்துக்காரங்க கிட்டயும் பேசினேன், அங்கேயும் இதே கதை தான். இந்தத் தடவை எப்படிப் பண்ணினா நம்ம பசங்க நிஜமாவே வருவாங்க, வாய் திறந்து கேப்பாங்க? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

---

பழைய_கிராட்:

தம்பி, நான் 2008ல வந்தவன், படிக்கிறப்போ 2 வருஷம் இந்த மாதிரிக் குழுவுல உக்காந்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல பசங்களுக்கு இவங்க யாருன்னே தெரியாது. பாதிப் பேர் நம்ம ஊர் காலேஜ் கேட்ல உக்காந்திருக்கிற வாட்ச்மேன் மாதிரின்னு நெனைக்கிறான், மீதிப் பேர் இமிக்ரேஷன் ஆளுங்கன்னு நெனைக்கிறான். ரெண்டும் தப்பு. பெரும்பாலான பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில இவங்க சட்டப்படி முழு போலீஸ், துப்பாக்கி இருக்கு, அரெஸ்ட் பண்ணலாம். யேல் யுனிவர்சிட்டில 1894லயே ஆரம்பிச்ச பழக்கம் இது. இதை முதல் 5 நிமிஷத்துலயே சொல்லிடணும்.

அடுத்தது அலர்ட் மெசேஜ். நீ ஈரோடுன்னு பேர் வெச்சிருக்கே, அதனால இதை உனக்குச் சொல்லியே ஆகணும். 2007 ஏப்ரல் 16 வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டில ஒருத்தன் துப்பாக்கியால சுட்டு 32 பேர் செத்தாங்கல்ல, அதுல ஒருத்தர் லோகநாதன் சார், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், சிவில் இன்ஜினியரிங் புரொஃபசர், நாரிஸ் ஹால்ல கிளாஸ் எடுத்துட்டு இருந்தப்போ சுட்டுட்டான். அன்னிக்குக் காலைல 7:15 வாக்குல ஹாஸ்டல்ல முதல் ரெண்டு பேரைச் சுட்டாச்சு, ஆனா யுனிவர்சிட்டில இருந்து எல்லாருக்கும் முதல் மெயில் போனது 9:26க்கு. அதுக்கு கால் மணி நேரத்துல நாரிஸ் ஹால். ரெண்டு மணி நேரம் யாருக்கும் எதுவும் தெரியாம கிளாசுக்குப் போயிருக்காங்க. அதுக்கப்புறம் தான் 2008ல, ஆபத்துன்னு உறுதியானா உடனே எல்லாருக்கும் அறிவிச்சே ஆகணும்னு சட்டத்துல சேர்த்தாங்க. இன்னிக்கு உன் போன்ல வர்ற எமர்ஜென்சி அலர்ட் சும்மா வந்தது இல்ல.

இதுல நம்ம பசங்க என்ன பண்றான் தெரியுமா, அட்மிஷன் ஃபார்ம்ல இந்தியா நம்பரைக் குடுத்திருப்பான், இங்க வந்து புது சிம் வாங்கினதும் அதை மாத்தவே மாட்டான். நாங்க ஒரு தடவை ஓரியண்டேஷன்ல 30 பேரை உக்கார வெச்சு போர்ட்டலைத் திறக்கச் சொன்னோம், பாதிக்கு மேல +91 நம்பர் தான். அலர்ட் எல்லாம் ஊர்ல அப்பா போனுக்குப் போயிட்டு இருந்திருக்கு, இல்லன்னா செத்துப் போன சிம்முக்கு. மீட்டிங்கை இதுல ஆரம்பி. எல்லாரும் போனை எடுங்க, நம்பரை இப்பவே மாத்துங்கன்னு சொல்லு.

அப்புறம் டிராஃபிக் ஸ்டாப். இதை ஸ்லைடு போட்டுச் சொல்லாதே, நடத்திக் காட்டச் சொல்லு. நம்ம ஊர்ல போலீஸ் கை காட்டினா என்ன பண்ணுவோம், வண்டியை ஓரங்கட்டிட்டு, இறங்கி, ஆர்சி புக் லைசென்ஸ் எல்லாம் கையில எடுத்துக்கிட்டு அவர் நிக்கிற இடத்துக்கு நடந்து போவோம். அது தான் மரியாதை. உக்காந்துட்டே இருந்தா திமிர். இங்க அதுக்கு அப்படியே நேர்மாறு. 2009ல நான் அதைத் தான் பண்ணினேன், பின்னாடி லைட் சுத்துது, நான் கதவைத் திறந்து இறங்கி, ஃபைலைத் தூக்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே அவர் காரை நோக்கிப் போறேன். அந்த ஆளு கை துப்பாக்கி மேல போயிடுச்சு, "காருக்குள்ள போ, காருக்குள்ள போ"ன்னு கத்துறார், அவர் குரல் நடுங்குது, என் காலும் நடுங்குது. நான் மரியாதைன்னு பண்ணினது அவருக்குத் தாக்க வர்றவன் மாதிரித் தெரிஞ்சிருக்கு. அதனால குழுவுல இருந்தப்போ ஒரு சனிக்கிழமை காலியா இருந்த பார்க்கிங்ல போலீஸ் காரையே கொண்டு வரச் சொல்லி, லைட் போட்டு, பசங்களை ஒவ்வொருத்தரா டிரைவர் சீட்ல உக்கார வெச்சு, கை ஸ்டியரிங் மேல, ஜன்னலை இறக்கு, பேப்பர் எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு எடுன்னு பழக்கினோம். 40 பேருக்கு மேல வந்தாங்க, பீட்சா கூட கிடையாது. ஆபீசர்களுக்கும் அன்னிக்கு ஒண்ணு புரிஞ்சது, இறங்கி வர்ற வெளிநாட்டுப் பையன் சண்டைக்கு வரலன்னு.

இன்னொண்ணு, "டூ யூ மைண்ட் இஃப் ஐ லுக் இன் யுவர் பேக்"னு, அதாவது உன் பையைப் பார்த்தா ஆட்சேபம் உண்டான்னு கேட்டா நம்மாளு தலையை ஆட்டிட்டு "எஸ் சார் எஸ் சார்"ம்பான். மறுக்கிறானா சம்மதிக்கிறானான்னு கேட்டவருக்கும் புரியாது, சொன்னவனுக்கும் தெரியாது. "வேண்டாம்"னு மரியாதையா சொல்ல உரிமை இருக்குன்னு போலீஸ் வாயாலேயே பசங்க முன்னாடி சொல்ல வை. எங்க சீஃப் சொன்னார், அன்னிக்கு ஹால்ல எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க.

---

நர்மதா_ஆர்:

மேல அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனா கார் ஓட்டுறதைப் பத்தியே பேசிட்டு பொண்ணுங்களை விட்டுடாதீங்க. நான் போஸ்ட்டாக், பிஎச்டி முடிச்சுட்டு ஆராய்ச்சி பண்றேன். 3 வருஷம் முன்னாடி நான் அப்போ இருந்த இடத்துல ஒருத்தன் லேப்ல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் தினமும் பின்னாடியே வருவான், மெயில் மேல மெயில். ரொம்ப யோசிச்சு ஸ்டேஷனுக்குப் போனேன், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "உன்னைத் தொட்டானா, மிரட்டினானா"ன்னு கேட்டார், இல்லன்னேன், அப்போ எதாவது நடந்தா வாங்கன்னார். எதாவது நடந்தான்னா என்ன அர்த்தம்? நான் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கூட சொல்லல, சொன்னா உடனே ஊருக்கு வான்னுடுவாங்க.

இது என் ஒருத்தி கதை இல்ல. 2018ல யூட்டா யுனிவர்சிட்டில லாரன் மெக்ளஸ்கின்னு ஒரு மாணவி, தன்னை ஒருத்தன் மிரட்டிப் பணம் பறிக்கிறான்னு கேம்பஸ் போலீஸ்கிட்ட பல தடவை சொல்லியிருக்கா, யாரும் அவசரமா எடுத்துக்கல, அக்டோபர் 22 அன்னிக்கு கேம்பஸ்லயே கொன்னுட்டான். 2020ல யுனிவர்சிட்டி அந்தக் குடும்பத்துக்கு 1 கோடியே 35 லட்சம் டாலர் குடுத்து சமரசம் பண்ணிச்சு. அதே யுனிவர்சிட்டில 2022ல ஜீஃபான் டாங்ன்னு ஒரு சீன மாணவி, முன்னாள் காதலன் கையால செத்தா, ஹாஸ்டல் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தகவல் போயும் போலீஸுக்குச் சொல்லத் தாமதம். வெளிநாட்டுல இருந்து வந்த பொண்ணு, யார்கிட்டப் போகணும்னு தெரியாது, போன இடத்துல ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவாங்க.

இன்னொரு பக்கம், போலீஸ்னு சொன்னாலே கேள்வி கேக்காம நம்புறதும் நம்மகிட்ட இருக்கு. 2017 ஜூன்ல இல்லினாய் யுனிவர்சிட்டில யிங்யிங் ஜாங்ன்னு சீனாவுல இருந்து வந்த ஆராய்ச்சியாளர் பஸ்ஸைத் தவற விட்டுட்டு நின்னப்போ ஒருத்தன் கார்ல ஏத்திட்டுப் போய்க் கொன்னான். அன்னிக்குக் காலைலயே அவன் வேற ஒரு பொண்ணுகிட்ட மஃப்டி போலீஸ்னு பேட்ஜைக் காட்டி ஏறச் சொல்லியிருக்கான், அவ மறுத்துட்டா. அதனால மீட்டிங்ல ஆபீசர் தன்னோட நிஜ ஐடி கார்டைக் கையில குடுத்துச் சுத்தி அனுப்பட்டும், எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும், சந்தேகம்னா எந்த நம்பருக்கு அடிச்சு "இந்தப் பேர்ல ஆபீசர் இருக்காங்களா"ன்னு கேக்கலாம்னு சொல்லட்டும். "உங்க விசால பிரச்சனை, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்க"ன்னு போலீஸ் பேர்ல வர்ற மோசடிப் போனுக்கும் இதே மருந்து தான்.

ரொம்ப முக்கியமா, ஃபேமிலி ஹவுசிங்ல, அதாவது குடும்பத்தோட இருக்குற மாணவர்களுக்கான குடியிருப்புல, புருஷன் விசாவைச் சார்ந்த டிபெண்டென்ட் விசால இருக்குற மனைவிமார் எத்தனை பேர்னு பாருங்க. அவங்களுக்கு யுனிவர்சிட்டி மெயில் கிடையாது, அலர்ட் வராது, உங்க ஃபிளையரும் போகாது. சாயங்காலம் 6 மணிக்கு யூனியன் ஹால்ல வெச்சா குழந்தையைத் தூக்கிட்டு எப்படி வருவாங்க? பகல் 11 மணிக்கு அவங்க துணி துவைக்கிற லாண்ட்ரி ரூம் பக்கத்துலயே வைங்க, விளையாட ஒரு பாய் விரிங்க. போலீஸோட விக்டிம் அட்வகேட், அதாவது பாதிக்கப்பட்டவங்களுக்குத் துணையா நிக்கிறவங்க, ஒருத்தங்களும் வரட்டும், அவங்ககிட்ட சொன்னா எது ரகசியமா இருக்கும், எதை அவங்க மேல சொல்லியே ஆகணும்னு தெளிவா சொல்லட்டும். வீட்டுல அடிதடின்னு போலீஸ் வந்தா புருஷனை வெச்சு மொழிபெயர்க்காம போன்ல மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவீங்களான்னு சீஃப் கிட்ட நேரா கேளுங்க. நான் பார்த்த ஒரு வீட்டுல அது தான் நடந்துச்சு, அவ தெலுங்குல அழுது சொன்னதை அவனே இங்கிலீஷ்ல "சின்ன வாக்குவாதம் சார்"னு மாத்திச் சொன்னான், வந்தவங்க போயிட்டாங்க. சில குற்றங்கள்ல பாதிக்கப்பட்டவங்க விசாரணைக்கு உதவினா யூ விசான்னு ஒண்ணுக்கு விண்ணப்பிக்கலாம், வருஷத்துக்கு 10,000 தான், வருஷக்கணக்குல காத்திருக்கணும், ஆனா அதுக்கு போலீஸ் சான்று வேணும், அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவாங்களாங்கறதும் இப்பவே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி.

---

காஞ்சி_பையன்:

நான் கொஞ்சம் கோவமா தான் எழுதப் போறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சந்திப்பு எல்லாம் யாருக்காக? 2024 வசந்தத்துல பாலஸ்தீனத்துக்காகக் கூடாரம் போட்ட மாணவர்களை நாடு முழுக்க 3,000க்கு மேல கைது பண்ணினாங்க, பல இடத்துல கேம்பஸ் நிர்வாகமே தான் போலீஸை உள்ள கூப்பிட்டுச்சு. 2025 வசந்தத்துல ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களோட செவிஸ் ரெக்கார்டை, அதாவது இங்க மாணவரா இருக்கிறதுக்கான அரசாங்கப் பதிவை, திடீர்னு முடிச்சுட்டாங்க, அதுல நிறையப் பேர் மேல இருந்தது தள்ளுபடியான சின்னக் கேஸ், டிராஃபிக் டிக்கெட் மாதிரி விஷயம். கோர்ட்ல வரிசையா வழக்குப் போட்டப்புறம் தான் ஏப்ரல் கடைசில திருப்பிக் குடுத்தாங்க. என் ரூம்மேட் அந்த 3 வாரமும் லேபுக்குப் போகல, சூட்கேஸைத் திறந்தே வெச்சிருந்தான். அவன்கிட்ட போய் "கேம்பஸ் போலீஸ் உன் நண்பன்"னு சொல்ல முடியுமா? அந்த ராத்திரி உன் ஜூனியர் ஐ20 தேடினான்னா அவன் முட்டாள் இல்ல ப்ரோ, அவன் செய்தி படிக்கிறான்.

அதே 2025ல ஃப்ளோரிடாவுல பல அரசு யுனிவர்சிட்டி போலீஸ் இமிக்ரேஷனோட 287 ஜி ஒப்பந்தம் போட்டிருக்காங்க, அதாவது கேம்பஸ் போலீஸ்காரரே பயிற்சி எடுத்துட்டு இமிக்ரேஷன் வேலை பார்க்கலாம். உங்க ஸ்டேட்ல உங்க போலீஸ் போட்டிருக்கா இல்லையா? சாட்சியா வர்றவன்கிட்ட விசா நிலை கேப்பாங்களா? இதுக்கு எழுத்துல பதில் வாங்கு, வெப்சைட்ல போடச் சொல்லு. அது இல்லாம மேடை போட்டுக் குடுக்காதே, நாளைக்கு எதாவது ஆனா உன்னை நம்பி வந்த பசங்க உன்னைத் தான் கேப்பாங்க.

இன்னொரு விஷயமும் மனசுல இருக்கு. நம்ம பயம் விசா பயம். கருப்பினப் பசங்களுக்கு இருக்குறது உயிர்ப் பயம். 2015 ஜூலைல சின்சினாட்டி யுனிவர்சிட்டி போலீஸ்காரர் ஒருத்தர் கேம்பஸுக்கு வெளில, முன் நம்பர் பிளேட் இல்லன்னு சாமுவேல் டுபோஸைக் காரை நிறுத்தி தலையில சுட்டார். அதுக்கப்புறம் தான் அங்க வெளி ஆளுங்களை வெச்சு மொத்தமா ஆய்வு பண்ணி, மக்களை உக்கார வெச்சு குழு போட்டு மாத்த ஆரம்பிச்சாங்க. 2018ல யேல்ல ஒரு கருப்பின மாணவி படிச்சுட்டு தன் ஹாஸ்டல் பொது ரூம்ல தூங்கினா, அங்கேயே இருக்குற இன்னொருத்தி போலீஸைக் கூப்பிட்டா, அந்தப் பொண்ணு தன் ரூம் கதவைத் திறந்து காட்டினப்புறமும் ஐடி கேட்டு நிக்க வெச்சாங்க. நம்ம ஆளுங்களும் அபார்ட்மென்ட் வாசல்ல ஒரு கருப்பினப் பையன் நின்னா "சந்தேகமா இருக்கு"ன்னு குரூப்ல போடுறதை நானே பார்த்திருக்கேன். எப்போ கூப்பிடணும்னு சொல்லிக் குடுக்கிறப்போ எப்போ கூப்பிடக் கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க, நைஜீரியா, எத்தியோப்பியா சங்கத்துக்காரங்களை அதுக்கு முன் வரிசைல உக்கார வைங்க.

---

ஈரோட்டான்_மிட்வெஸ்ட்:

காஞ்சி ப்ரோ, நீங்க சொன்னது உறைக்குது. அந்தப் பையனை அன்னிக்கு நான் திட்டிட்டேன், "போலீஸ் நல்லவங்க தான்டா, ஏன்டா திறக்கல"ன்னு. திட்டியிருக்கக் கூடாது. எழுத்துல பதில் கேக்குறதை முதல் வேலையா வெச்சுக்கிறேன்.

நர்மதா அக்கா, லாண்ட்ரி ரூம் யோசனைக்கு ரொம்ப நன்றி, ஃபேமிலி ஹவுசிங் பத்தி நான் யோசிக்கவே இல்ல. உங்களுக்கு நடந்ததைப் படிச்சு மனசு கஷ்டமா போச்சு.

---

யாழ்_ஸ்கார்பரோ:

தம்பி, நான் கனடாவில, ரொறன்ரோ யுனிவர்சிட்டியில படிச்சனான். எங்கட ஆக்களின்ர கதை கொஞ்சம் வேற. எங்கட வீட்டில யூனிஃபோர்ம் போட்டவை கதவில தட்டினா அம்மா முதல்ல என்னைக் கட்டிலுக்குக் கீழ தள்ளுவா, அது யாழ்ப்பாணத்துப் பழக்கம், ஸ்கார்பரோவுக்கு வந்து 10 வருஷமாகியும் போகேல்ல. ஒருக்கா ஆரோ பக்கத்து வீட்டு நம்பரைத் தேடி வந்த பொலிஸுக்கு, நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் நிண்டிருக்கிறம். உங்கட ஜூனியர் பெடியன் லைட்டை நிப்பாட்டினதை வாசிக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. சிரியாவில இருந்து, எத்தியோப்பியாவில இருந்து, பர்மாவில இருந்து வந்த பிள்ளையளும் உங்கட கம்பஸில இருப்பினம், அவைக்கும் இப்பிடித்தான். ஆபீசர்மாருக்கு இதைச் சொல்லிக் குடுக்க வேணும், கதவு திறக்காட்டி உள்ளுக்க குற்றவாளி எண்டு நினைக்கக் கூடாது.

வெல்ஃபேர் செக் பற்றி ஒண்டு சொல்லுறன். 2020 ஜனவரியில கெலோனாவில, யுபிசி யுனிவர்சிட்டியின்ர ஒகனாகன் கம்பஸில நேர்சிங் படிச்ச மோனா வாங் எண்ட பிள்ளையை, சுகமா இருக்கிறாவோ எண்டு பார்க்கப் போன ஆர்சிஎம்பி, கனடா மத்திய பொலிஸ் ஆள் விறாந்தையில தரதரவெண்டு இழுத்துக்கொண்டு போன வீடியோ வந்தது. காதலன் பயந்துபோய் உதவிக்குத்தான் கூப்பிட்டவர். அதனால மனம் சரியில்லாத பிள்ளைக்கு முதல்ல ஆர் போறது எண்டு கேளுங்கோ. இஞ்ச ரொறன்ரோவில 2022ல இருந்து பொலிஸ் இல்லாமல் மனநல ஆக்களையே அனுப்புற சேவை இருக்கு, 211க்கு அடிக்கலாம். உங்கட கம்பஸில கவுன்சிலர் ஒராள் ஆபீசரோட சேர்ந்து போவாரோ, இரவு 2 மணிக்கும் அப்பிடி ஆள் இருக்கோ, இல்லை பகல் 9 முதல் 5 மட்டுமோ? அதுதான் முக்கியம், பிள்ளையள் உடையிறது இரவிலதான்.

மற்றது, எங்களுக்கு ஒரு ஆபீசர் இருந்தவர், சிவில் உடுப்போட வந்து தமிழ்ச் சங்கத்தின்ர கிரிக்கெட் மட்ச்சில நிப்பார், பந்து போடத் தெரியாது, எண்டாலும் ஒவ்வொரு ஞாயிறும் வருவார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்ர சிநேகிதி ஒருத்திக்குப் பிரச்சினை வந்தபோது அவள் 911 அவசர நம்பருக்கு அடிக்கேல்ல, அவரின்ர பேரைத்தான் கேட்டவள். எம்ஐடியில ஷான் காலியர் எண்டு ஒரு கம்பஸ் பொலிஸ், 2013 ஏப்ரல் 18ல பொஸ்டன் குண்டுவெடிப்புக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றுபோட்டாங்கள், அவரும் அப்பிடித்தான், பிள்ளையளின்ர மலையேற்றக் கிளப்பில சேர்ந்து அவையோட மலை ஏறினவர். ஒருநாள் கூட்டத்தால இது வராது, அதே ஆள் திரும்பத் திரும்ப வர வேணும். சீஃபிட்ட கேளுங்கோ, எங்கட சங்கத்துக்கெண்டு ஒராளை ரெண்டு வருஷத்துக்கு மாத்தாமல் தருவியளோ எண்டு.

---

நெல்லை_அப்பா:

ஐயா தம்பிகளா, நான் தபால் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவன். என் பொண்ணு அங்க எம்எஸ் படிக்கா. அந்த நாமக்கல் அம்மா மாதிரி நானும் ஒரு ராத்திரி பட்டுருக்கேன், அதனால எழுதுதேன்.

அவ போன் எடுக்கல, ஒண்ணரை நாள். அவ அம்மா சாமி ரூமை விட்டு எந்திரிக்கவே இல்ல. நான் 911 அடிச்சுப் பார்த்தேன், இங்க இருந்து அது போகாதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. அப்புறம் கூகுள்ல தேடி யுனிவர்சிட்டி நம்பர் எடுத்தா, அங்க சனிக்கிழமை, ஆபீஸ் லீவு, மெஷின் பேசுது. கேம்பஸ் போலீஸுக்குன்னு 24 மணி நேரமும் எடுக்குற 10 இலக்க நம்பர் தனியா இருக்கும்னு யாராவது முன்னமே சொல்லியிருந்தா 5 மணி நேரம் மிச்சம்.

ஒரு வழியா நம்பர் கிடைச்சு ஒரு அம்மா எடுத்தாங்க, நல்லாப் பேசினாங்க, பேர் கேட்டாங்க. நம்ம வழக்கப்படி இனிஷியலைச் சொல்லி பேரைச் சொன்னேன். "அப்படி ஒருத்தரும் இல்லையே"ன்னுட்டாங்க. எனக்குக் கை கால் ஓடல. அப்புறம் தான் புரிஞ்சுது, அங்க அவளுக்கு என் பேர் தான் கடைசிப் பேர், ரெக்கார்டுல என் பேரை முன்னால போட்டுத்தான் தேடணும். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா சொன்னேன், அபார்ட்மென்ட் நம்பர் கேட்டாங்க, எனக்குத் தெருப் பேர் மட்டும் தான் தெரியும். பொறுமையா பிறந்த தேதி வெச்சுக் கண்டுபிடிச்சு ஆள் அனுப்பி, 40 நிமிஷத்துல எனக்கே திரும்ப போன் பண்ணி "காய்ச்சல், தூங்கிட்டு இருக்கா, இப்போ தண்ணி குடிச்சா"ன்னு சொன்னாங்க. அந்த அம்மாவை நான் கும்பிடுதேன், பேர் கூட கேக்கலை.

அதனால உங்க கூட்டத்துல பெத்தவங்களுக்கும் ஒரு பேப்பர் குடுங்க. அந்த 10 இலக்க நம்பர், நாடு கோடு +1 போடணும்னு, பாஸ்போர்ட்ல உள்ளபடி பேர், பிறந்த தேதி, அபார்ட்மென்ட் நம்பர், ரூம்மேட் ஒருத்தன் நம்பர். எங்க வீட்டுல இப்போ ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. போலீஸ் போனா பிள்ளைக்கு விசால எதுவும் பதியாது, சும்மா பார்த்துட்டு வருவாங்கன்னா அதையும் அவங்க வாயால கேட்டு எழுதுங்க, அந்தப் பயத்துல தான் பாதிப் பேர் கூப்பிடாம இருக்கான்.

---

பழைய_கிராட்:

அப்பா சொன்ன பேர் விஷயம் ரொம்பப் பெரிய விஷயம். பாஸ்போர்ட்ல ஒரு பேர் மட்டும் உள்ளவங்களுக்கு முதல் பேர் இடத்துல எஃப்என்யூன்னு போட்டிருப்பாங்க, முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம், கேம்பஸ் ரெக்கார்டுல அந்த எழுத்தோட எத்தனையோ பேர் இருப்பாங்க. டிஸ்பாட்ச்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இதை 10 நிமிஷம் சொல்லிக் குடுத்தாலே போதும். தம்பி, டிஸ்பாட்சரையும் மீட்டிங்குக்குக் கூப்பிடு, போன் எடுக்குறது அவங்க தான், அவங்களை யாரும் கூப்பிடவே மாட்டாங்க.

அப்புறம் குழுவுல உக்காந்தா முதல் கூட்டத்துலயே டெய்லி கிரைம் லாக்கை, அதாவது தினசரிக் குற்றப் பதிவைக் கேளு. கிளெரி சட்டப்படி கடைசி 60 நாள் லாக் யார் கேட்டாலும் காட்டணும், வருஷா வருஷம் அக்டோபர் 1க்குள்ள பாதுகாப்பு அறிக்கை வெளியிடணும். 1986ல லீஹை யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல 19 வயசு ஜீன் கிளெரியைக் கொன்னப்புறம், அங்க முன்னாடியே எத்தனை குற்றம் நடந்திருக்குன்னு யாரும் தங்களுக்குச் சொல்லலன்னு அவ அப்பா அம்மா போராடி 1990ல வாங்கின சட்டம் அது. பெத்தவங்க வாங்கின சட்டம், நாம படிக்காம விடக் கூடாது.

---

ஈரோட்டான்_மிட்வெஸ்ட்:

நாளைக்குக் காலைல 10 மணிக்கு சீஃபைப் பார்க்கிறேன். விசா கேள்விக்கும் 287 ஜிக்கும் எழுத்துல பதில் வந்தா தான் தேதி குடுக்கிறதுன்னு சீனா, நைஜீரியா சங்கத்துக்காரங்களோட இன்னிக்கு சாயங்காலம் பேசி முடிவு பண்ணிட்டோம், அவங்களும் வர்றாங்க. எழுத்துல வந்தா, பார்க்கிங்ல காரை வெச்சு ஒரு சனிக்கிழமை, ஃபேமிலி ஹவுசிங்ல ஒரு பகல், ரெண்டும் தனித்தனியா. ராத்திரி கவுன்சிலர் கேள்வியை யாழ் அக்கா சொன்ன மாதிரியே கேக்குறேன், நீங்க அக்காவா அண்ணாவான்னு தெரியல, மன்னிச்சுக்கோங்க. அன்னிக்குக் கதவுக்கு வெளில 12 நிமிஷம் நின்ன அந்த லேடி ஆபீசரையே எங்களுக்குன்னு கேக்கப் போறேன், அவங்க ஒரு தடவை கூட குரலை உசத்தல.

அந்தப் பேப்பர் தமிழ்ல வேணும், பெத்தவங்களுக்கு அனுப்ப. தெலுங்கு, ஹிந்திக்கு ஆள் இருக்கு. எனக்கு எழுதினா ஆபீஸ் கடிதம் மாதிரி வருது.

---

யாழ்_ஸ்கார்பரோ:

அக்காதான் தம்பி. நாளைக்கு என்ன சொன்னவை எண்டு எழுதுங்கோ.

---

நெல்லை_அப்பா:

தமிழ்ப் பேப்பரை நான் எழுதித் தாரேன் தம்பி. 34 வருஷம் கவுன்டர்ல உக்காந்து ஊர்க்காரங்களுக்கு மணியார்டர் ஃபார்ம் எழுதிக் குடுத்தவன், பாட்டிக்கும் புரியுற மாதிரி வரும். நம்பரை மட்டும் பெரிய எழுத்துல போடணும், கண்ணாடி இல்லாம தெரியணும். நாளைக்கு உங்களுக்குக் காலை 10 மணின்னா எங்களுக்கு ராத்திரி, அதுக்குள்ள அனுப்பிருதேன்.